இரண்டு புள்ளி

வாரத்தில் ஆறு நாள்
நாற்பது டன் பெட்டியைத் தூக்கி
நாலு மூலைப் பூட்டில் உட்கார வைக்கிறவன் நான்.
ஞாயிற்றுக்கிழமை
ஒரு மயிரிழைக்குக் கை நடுங்குகிறது.

தண்டையார்பேட்டை, தேசிங்கு வீட்டு மொட்டைமாடி.
தண்ணீர்த் தொட்டி நிழலில்
நாலு பேர் சீட்டு கட்டி எடுத்த ஸ்க்ரோல் சா.
காசிமேட்டுக் காற்று ஒரே ராத்திரியில்
அதன் தட்டில் துருவைப் பூசிவிட்டுப் போகும்.
மெழுகுவத்தித் துண்டைத் தேய்த்துத் துடை,
பலகை வழுக்கிக்கொண்டு ஓடும்:
இது எஸ்தர் ராணி சொன்னது.
பிளேடைச் சுண்டிக் கேள்,
தொளதொளவென்றால் இன்னும் முறுக்கு,
கிணுங்கென்றால் நிறுத்து:
இது தேசிங்கு.
கேரேஜ் ஒர்க்ஸில் சக்கரத்தைத் தட்டியே
விரிசல் எங்கே என்று சொல்கிறவன்.

மரம் ஜபருல்லா கொண்டுவந்தது.
வண்ணாரப்பேட்டை கிளப்பில்
ஒரு மூலை மழையில் ஊறிப்போன கேரம் போர்டு.
மிச்சம் நல்ல பிளை.
தட்டினால் இன்னும் பவுடர் பறக்கிறது.
ஒட்டின தாளின்மேல் செல்லோடேப் போடுங்க,
மரம் கருகாது என்றார்.
அவருக்கு யார் சொன்னார்களோ,
கருகவில்லை.

அறுக்க வேண்டியது எஸ்தர் ராணியின் பெயர்.
திருவொற்றியூரில் இரண்டாவது மாடி,
ஒரு படுக்கையறை, பதினெட்டு வருஷத் தவணை.
கதவில் மாட்ட.
இதுவரை இருந்த கதவுகளில்
அப்பா பெயர் இருந்தது, பிறகு அவர் பெயர்,
பிறகு ஹாஸ்டல் அறையின் எண்.

எகரம் பணிந்து வந்தது.
தகரத்தின் வாலை வளைக்கும்போது அவசரப்பட்டேன்.
டக்.
அன்றைய மூன்றாவது பிளேடு.
"தள்ளாத" என்றாள்,
ஆபரேஷன் தியேட்டரில் கத்தரி நீட்டும் அதே குரலில்.
"அது நின்ன எடத்துலயேதான் நிக்கும்.
மரத்தத் திருப்பு."

ரகரம் மூன்று கோடு.
கண்ணை மூடிக்கொண்டு அறுக்கலாம்.
ஆனால் ண.
சுழிக்கு நடுவில் துளை போட்டு
பிளேடின் மேல்முனையைக் கழற்றி
துளை வழியே நுழைத்து
மாட்டி முறுக்கிச் சுண்டிக் கேட்டு
உள்ளே ஒரு சுற்று. மறுபடி கழற்று.
அடுத்த சுழி.
"ரெண்டு சுழி போட்டா போதாதா,
எவன் எண்ணப் போறான்?"
தேசிங்குதான்.
எஸ்தர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.
"என் சுழிதான் அப்டி இப்டி.
எழுத்துலயாவது முழுசா இருக்கட்டும்."
மூன்று சுழியும் அறுத்தோம்.
நடுவில் கரண்ட் போனது, வந்தது,
யாரோ கீழிருந்து டீ அனுப்பினார்கள்.
டீயில் மரத்தூள்.

தினத்தாள்மேல் வரிசையாக வைத்துப் பார்த்தால்
எஸதர ராணி.
அவளே வாய்விட்டுப் படித்துச் சிரித்தாள்.
புள்ளி அறுத்தேன்.
சுண்டைக்காய் அளவுத் துண்டை
விரலால் பிடிக்கக் கூடாது,
தடிமனான பலகையில் டேப்பால் ஒட்டித்தான் அறுக்க வேண்டும்.
போன மாசம் நானே இவர்களுக்குச் சொன்னது.
பிடித்தேன்.
துள்ளிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போய்விட்டது.
விரல் தப்பியது.
பலகையில் மிச்சம் இருந்தது
ஊறிப்போன மூலை மட்டும்.

ஜபருல்லா சட்டைப் பையைத் துழாவினார்.
ஒரு ரெட் காய்.
ஸகரத்தின் தலையில் வைத்தார்.
கொஞ்சம் பெரிய புள்ளிதான்,
குங்குமம் வைத்த மாதிரி இருந்தது,
சர்ச்சுக்குப் போகிறவள் பெயருக்கு.
"ராணிக்கு ராணி" என்றார் கூச்சத்தோடு.
பிறகு மறுபடி பையில் கைவிட்டு
வெள்ளைக் காய் ஒன்றை எடுத்து
ரகரத்தின்மேல்.
"ஃபாலோ போடலன்னா ரெட்டு செல்லாதும்மா."

ஃபெவிகால் காயும்வரை
நாலு பேரும் ஆளுக்கொரு எழுத்தை
அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.
கீழே சந்தில்
என் புள்ளியை ஒரு கோழி
கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.